குங்கிலிய வெண்ணெய்: திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள்

மார்கழி பிறந்ததும் ஒரு நாள் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு முழுக்கக் குங்கிலிய வாசம் அடிக்கும். அப்பத்தா காய்ச்சினார்கள், அப்புறம் அம்மா, இப்போது நான். காரைக்குடிக்கு விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு டப்பா வாங்கிப் போவார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் வரும். சென்னையில் இருந்து ஒருத்தி, சிங்கப்பூரில் இருந்து ஒருத்தி, எல்லாருக்கும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஆச்சி, குங்கிலிய வெண்ணெய்னா பால் வெண்ணெய்ல செய்றதா?

இல்லை. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. குங்கிலியத்தைப் பொடித்து, நல்லெண்ணெயில் காய்ச்சிக் கரைத்து, அந்த எண்ணெயைத் தண்ணீர் விட்டுவிட்டுக் கையால் அடித்துக் கழுவினால், கடைசியில் வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி திரண்டு நிற்கும். பார்வைக்கு வெண்ணெய், அவ்வளவுதான். சித்த மருத்துவத்தில் மேல்பூச்சு மருந்தாக ரொம்ப காலமாக இருப்பது. நாட்டு மருந்துக் கடைகளிலும் டப்பாவில் கிடைக்கும்.

குங்கிலியமும் சாம்பிராணியும் ஒண்ணுதானே? ரெண்டும் புகைதானே போடுறோம்?

புகை போடுவது பொதுவானது. மரம் வேறு. குங்கிலியம் என்று மருந்துக்குச் சொல்வது சால மரத்தின் பிசின். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில் அடர்ந்து நிற்கிற மரம் அது. நம் செம்மண்ணில் கிடையாது. சாம்பிராணி கடல் தாண்டி சுமத்ராவில் இருந்து வருவது, அது வேறொரு சிறு மரத்தின் பிசின். கடையில் வில்லை வில்லையாக விற்கிற ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ கரித்தூளும் வாசனைச் சரக்கும் சேர்த்து அச்சில் அழுத்தியது. அதை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. போன வருடம் ஒரு பெண் அதைத்தான் எண்ணெயில் போட்டுக் காய்ச்சிவிட்டு, “கறுப்பா வந்திருக்கே ஆச்சி” என்று படம் அனுப்பினாள்.

குங்கிலியத்தின் மவுசு பழையது. திருக்கடவூரில் இருந்த குங்கிலியக் கலய நாயனார், நெல் வாங்கி வரச்சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையே விலையாகத் தந்து குங்கிலிய மூட்டை வாங்கினவர். அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ!

பிசின்னா தண்ணியிலயே ஊறவெச்சாப் போதாதா? பாதாம் பிசின் ஊறுதே?

பாதாம் பிசின் ஊறும், கருவேலம் பிசின் கரையும். அவை தண்ணீரோடு உறவுள்ள பிசின்கள். குங்கிலியமும் சாம்பிராணியும் அந்த ஜாதி இல்லை. ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தாலும் கல் மாதிரி கிடக்கும். சூடான எண்ணெயில் கரையும். சிலது கடும் சாராயத்தில் கரையும். அதனால்தான் எண்ணெய்.

கரைந்த பிறகும் தண்ணீருக்கு அசையாது. குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் மரக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைத்தார்கள். கப்பலுக்குள் தண்ணீர் புகாமல் தடுத்த அதே கூட்டுதான் பித்தவெடிப்பிலும் ஒரு படலமாக நின்று ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறது.

கடையில குங்கிலியம்னு கேட்டா மூணு விதமா எடுத்துப் போடுறாங்க. எதை வாங்குறது?

பேர்க் குழப்பம் கடைக்குக் கடை மாறும். வெள்ளைக் குங்கிலியம் என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைகிற இன்னொரு மரத்தின் பிசினைக் கொடுப்பார்கள். கருங்குங்கிலியம் என்பதும் மேற்கு மலைக்காட்டு மரந்தான். கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுக்கும். அது புகைக்கு அருமை. வெண்ணெய் காய்ச்ச நான் வாங்குவது வெளிர் மஞ்சளோ பழுப்போ கலந்த சாதாரணக் குங்கிலியம். மேலே மாவு பூத்த மாதிரி மங்கலாக இருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். “மருந்துக்கு வேணும், புகைக்கு இல்லை” என்று சொல்லிக் கேளுங்கள். பொடியாக வாங்காதீர்கள், கட்டியாகவே வாங்குங்கள். பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கலப்படத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

நான் ஏமாந்த கதையில் இருந்து சொல்கிறேன். முதல் முறை நானே தனியாகக் காய்ச்சினபோது, அவசரத்துக்கு ஒரு கடையில் கேட்டதும் கொடுத்ததை வாங்கி வந்தேன். தேன் நிறத்தில் அழகாக இருந்தது. காய்ச்சும்போதே வாசம் டர்பன்டைன் பக்கம் போயிற்று. எத்தனை தடவை கழுவியும் கையில் பசையாக இழுத்ததே தவிர வெளுக்கவில்லை. அம்மா மோந்து பார்த்துவிட்டு, “இது பைன் மரத்துச் சரக்கு” என்றார்கள். வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அந்த வகை. சட்டியும் போயிற்று, எண்ணெயும் போயிற்று.

இப்போது இரண்டு சோதனை செய்கிறேன். ஒரு துண்டைத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைப்பேன். பிசுபிசுத்தாலோ உப்பினாலோ அதில் வேறு பிசின் கலந்திருக்கிறது. இன்னொரு துண்டைத் தணலில் போடுவேன். நல்ல குங்கிலியம் உருகி, வெள்ளைப் புகை விட்டு, கோயில் வாசம் வரும். டர்பன்டைன் நெடியோ பிளாஸ்டிக் நெடியோ வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அளவு சொல்லுங்க ஆச்சி. கண்ணளவு, கைத்திட்டம்னு சொல்லாதீங்க.

எங்கள் வீட்டுக் கணக்கு ஒன்றுக்கு நாலு. குங்கிலியம் 50 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி. முதல் தடவை இதற்கு மேல் போடாதீர்கள், கழுவக் கை தாங்காது. தண்ணீருக்குக் கணக்கில்லை, இரண்டு குடம் பக்கத்தில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்லெண்ணெய்தான் வேணுமா? வீட்ல தேங்காய் எண்ணெய்தான் இருக்கு.

தேங்காய் எண்ணெயில் ஒரு தடவை செய்து பார்த்தேன். தை மாதக் குளிரில் கட்டியாகவும் சித்திரையில் ஓடுகிற மாதிரியும் ஆகிவிட்டது. நல்லெண்ணெய் எல்லாப் பருவத்துக்கும் ஒரே மாதிரி நிற்கிறது. செக்கில் ஆட்டினதாக இருந்தால் நல்லது, ஆனால் ஒரு விஷயம்: செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள். புது எண்ணெயில் அடியில் வண்டல் நிற்கும். அதோடு காய்ச்சினால் அடிப்பிடித்துக் கருகும். ஒரு வாரம் தெளியவிட்டு, மேலாக இறுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சுற முறையை ஒண்ணு விடாமச் சொல்லுங்க.

குங்கிலியத்தில் ஒட்டின மரப்பட்டை, மண்ணைப் பொறுக்கிவிட்டு உரலில் லேசாக இடித்து, சீலையில் சலிக்க வேண்டும். மிக்ஸியில் ஓட்டினால் சூட்டில் இளகி ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். கட்டாயம் என்றால் இரண்டு இரண்டு விநாடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். அடுப்புக்கு ஒரு பழைய இரும்பு வாணலி போதும். அந்த வாணலி இனிமேல் சமையலுக்கு ஆகாது என்று முடிவுகட்டிவிட்டு எடுங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்பு வேண்டாம்.

எண்ணெயைச் சிறு தீயில் வைத்துச் சூடேறினதும், பொடியைத் திருநீறு தூவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே மர அகப்பையால் கிண்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அடியில் அல்வா மாதிரி கட்டிவிடும், அப்புறம் கரைவது பெரும்பாடு. முதலில் நுரைக்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் நுரை அடங்கி, அகப்பையில் நறநறப்பு இல்லாமல் தேன் மாதிரி ஒழுகும். அதுதான் பதம். எண்ணெய் புகையும் அளவுக்குப் போகவே கூடாது. பக்கத்தில் ஒரு மூடி இருக்கட்டும். தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். குங்கிலியப் பொடியைப் பந்தத்தில் வீசினால் குப்பென்று எரிவதைத் திருவிழாவில் பார்த்திருப்பீர்களே. தூவும்போது அடுப்பைச் சுற்றிச் சிந்தாமல் பார்ப்பது அதற்காகத்தான்.

இறக்கி, சூடு இருக்கும்போதே துணியில் வடிகட்டி அகலமான பாத்திரத்தில் விட்டு ஆறவிடுங்கள். நான் எனாமல் பேசின் வைத்திருக்கிறேன், கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போன காலத்தில் ஐயா கப்பலில் கொண்டுவந்தது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் இன்றைக்கு அதற்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள். நமக்கு அது வெண்ணெய் கழுவுகிற பேசின்.

சுடச்சுடத் தண்ணியில ஊத்தணும்னு எங்க ஆயா சொல்வாங்க. நீங்க ஆறவிடுங்கன்னு சொல்றீங்க?

பெரியவர்கள் அப்படிச் செய்ததுண்டு. எனக்கு உடன்பாடில்லை. கொதிக்கிற எண்ணெய் தண்ணீரில் விழுந்தால் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி எண்ணெயைத் தூக்கி முகத்தில் அடிக்கும். விரல் தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் சேர்த்தாலும் வெண்ணெய் அதே வெண்ணெய்தான். ஒரு தடவை என் முன்கையில் தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

எத்தனை தடவை கழுவணும்? நூறுன்னு சொல்றாங்க, முட்டை அடிக்கிற மிஷின்ல அடிச்சா ஆகாதா?

முதலில் ஏன் கழுவுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மோர் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது தண்ணீரைப் பிரித்து வெளியே தள்ளுகிறோம். இங்கே நடப்பது தலைகீழ். குளிர்ந்த தண்ணீரை விட்டு அடிக்க அடிக்க, அது பொடிப்பொடித் துளியாக உடைந்து எண்ணெய்க்குள் சிக்கிக்கொள்கிறது. குங்கிலியம் அந்தத் துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துளிகள் சிறுத்துப் பெருகப் பெருக வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, வெளுப்பது அழுக்குப் போவதால் மட்டும் இல்லை.

ஒரு செம்புத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தேய்த்துப் பிசைந்து, தண்ணீரை வடித்துவிட்டு அடுத்த செம்பு. முதல் நாலைந்து தடவை பழுப்பாக வழுக்கும், கைக்கு அடங்காது. இங்கேதான் பாதிப் பேர் “வரலை ஆச்சி” என்று போன் செய்வார்கள். விடாதீர்கள். பத்தாவது தடவை வாக்கில் சந்தன நிறமாகும், எடை கூடின மாதிரி கையில் தெரியும். என் கைக்கு முப்பதில் வெள்ளையாகிவிடும். அப்பத்தா நூறு கழுவுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பார்கள். நூறு கழுவினது நிஜமாகவே இன்னும் மிருதுவாக இருக்கும், அதை மறுக்க முடியாது. கேக்குக்கு முட்டை அடிக்கிற மிஷினில் அடித்தால் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் காற்று நிறைய ஏறி நுரை மாதிரி இருந்து, நாலு நாளில் அமுங்கிவிடுகிறது. மிஷினில் தொடங்கிக் கையில் முடிப்பது என் மருமகள் வழி. அது பரவாயில்லை.

இவ்ளோ பாடு எதுக்கு? சாராயத்துல ஊறவெச்சு டிஞ்சர் மாதிரி செஞ்சா என்ன?

நல்ல கேள்வி. சாம்பிராணியைக் கடும் சாராயத்தில் கரைத்ததுதான் மருந்துக் கடையில் கிடைக்கிற டிஞ்சர் பென்சாயின். ஆவி பிடிக்கவும், பிளாஸ்திரி ஒட்டும் முன் தோலில் தடவவும் வைத்திருப்பார்கள். தண்ணீர்த் துளி பட்டதும் பால் மாதிரி கலங்கும், ஏனென்றால் பிசின் சாராயத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. இதில் இருந்தே தெரியும், சாராயம் வீரியமாக இல்லாவிட்டால் பிசின் கரையாது. கடையில் விற்கிற பிராந்தி, வோட்காவில் சாராயம் 42.8 சதவீதம். மீதியில் பெரும்பங்கு தண்ணீர். பிசின் அடியில் அப்படியே கிடக்கும். குங்கிலியமோ கடும் சாராயத்திலும் முழுதாகக் கரைவதில்லை.

வீரியமான ஸ்பிரிட்டை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அப்புறம், பெயின்ட் கடைத் தின்னரையோ தொழிற்சாலை ஸ்பிரிட்டையோ வைத்துச் செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. அதில் குடிக்க முடியாதபடி ஆக்குவதற்கென்றே மெத்தனால் மாதிரிச் சரக்குகளைக் கலப்பதுண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது அந்த மெத்தனாலால்தான். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட உடம்புக்குள் போகும். டிஞ்சர் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் செய்வதற்கு எண்ணெய் இருக்கிறது.

சரி, எதுக்கெல்லாம் போடலாம்?

பித்தவெடிப்பு, பனிக்கு வெடித்த உதடு, முழங்கை முழங்கால் சொரசொரப்பு, பாத்திரம் தேய்த்துக் காய்ந்துபோன கை. இவற்றுக்கு நான் தைரியமாகக் கொடுப்பேன். ராத்திரி காலை வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்து, துடைத்து, ஈரம் முழுதாகக் காயும் முன்னே தடவிப் பழைய காட்டன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். தரை வழுக்கும், ஆத்தங்குடி கல்லில் அந்தக் காலோடு நடந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

மூலத்துக்கு, ஆறாத புண்ணுக்கு என்று பெரிய பட்டியலே சொல்வார்கள். இரத்தம் போனாலோ, புண் ஒரு வாரத்தில் வாடாவிட்டாலோ காட்ட வேண்டியது டாக்டரிடம். முதல் தடவை போடுகிறவர்கள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிலருக்குப் பிசின் ஒத்துக்கொள்ளாமல் தடிக்கும்.

தீப்புண்ணுக்கு உடனே தடவணும்னுதானே அந்தக் காலத்துல வீட்ல வெச்சிருந்தாங்க?

ஆமாம், அதற்குத்தான் வைத்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அப்பத்தா சொன்னதை நான் கேட்பதில்லை. சுட்டவுடன் எண்ணெய்ப் பசையுள்ள எதைத் தடவினாலும் சூடு உள்ளேயே நின்றுவிடும். முதலில் குழாய்த் தண்ணீருக்கடியில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளம் போட்டாலோ, உள்ளங்கை அகலத்துக்கு மேல் சுட்டிருந்தாலோ, முகம், கை, மர்ம உறுப்பு, குழந்தைகள் என்றாலோ எதையும் தடவாமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோசைக்கல்லில் விரல் லேசாகப் பட்டுச் சிவந்து, ஓரிரு நாளில் எரிச்சல் அடங்கித் தோல் வறண்டு இழுக்கும் பாருங்கள், அப்போது தடவலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. குதிகால்ல வெடிப்பு ஆழமா இருக்கு. அனுப்பி வைக்கிறீங்களா?

அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மட்டுப்பட்டிருக்கும், வெடிப்புக்குள் சீழ் வைத்தாலும் தெரியாது. மேலே வெண்ணெயைப் பூசி மூடிவைத்தால் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வளரும். முதலில் டாக்டர் காலைப் பார்க்கட்டும். புண் எதுவும் இல்லை, வறட்சிதான் என்று அவர் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

உள்ளுக்குச் சாப்பிடலாமா? குங்கிலிய பற்பம்னு மருந்து இருக்கே?

இருக்கிறது. அது குங்கிலியத்தை முறைப்படி சுத்தப்படுத்தி, வேறு முறையில் முடித்து, சித்த மருத்துவர் ஆளைப் பார்த்துக் கொடுக்கிற மருந்து. பெயரில் குங்கிலியம் இருக்கிறது என்பதற்காக இந்த வெண்ணெயை நாக்கில் வைக்க வேண்டாம். உதட்டுக்குத் தடவும்போதும் மெல்லிசாக, படுக்கப் போகும்போது.

எவ்வளவு நாள் இருக்கும்? எனக்கு ஒரு மாசத்துல மேல தண்ணி விட்டுருச்சு.

கழுவின விதத்தைச் சொன்னபோதே பாதி பதில் வந்துவிட்டது: உள்ளே தண்ணீர் இருக்கிற பண்டம் இது. தண்ணீர் இருந்தால் பூஞ்சையும் வரும். நான் பீங்கான் ஜாடியில், வெண்ணெய் மேல் ஒரு விரற்கடை நல்ல தண்ணீர் நிற்கிற மாதிரி வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றுவேன். முடியாதவர்கள் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், விரலை விடாமல் கரண்டியால் எடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை.

தண்ணீர் பிரிந்ததற்காகக் கொட்ட வேண்டாம். வடித்துவிட்டுப் புதுத் தண்ணீரில் நாலைந்து தடவை மறுபடி அடித்தால் திரளும். ஆனால் சிக்கெடுத்த எண்ணெய் நாற்றம் அடித்தாலோ, கறுப்போ பச்சையோ புள்ளி தெரிந்தாலோ யோசிக்காமல் தூக்கிப்போடுங்கள். ஐம்பது கிராம் குங்கிலியத்தைப் பார்த்துத் தோலைக் கெடுத்துக்கொள்வானேன்?

நல்லா வந்திருக்கு, டப்பா போட்டு விக்கலாம்னு இருக்கேன். ஏதாவது பிரச்சனை வருமா?

சொந்தபந்தத்துக்குக் கொடுப்பது வேறு. மருந்து என்று சொல்லி விற்றால் சித்த மருந்து தயாரிக்கிற உரிமம் வேண்டும். 1940-ஆம் வருட மருந்துச் சட்டத்துக்குள் சித்த மருந்தும் வருகிறது. உரிமம் வாங்கிச் செய்யுங்கள், சந்தோஷம். “வீட்டுத் தயாரிப்பு, எல்லா நோயும் தீரும்” என்று எழுதி விற்கிற டப்பாக்களில் என் பெயரைச் சேர்க்காதீர்கள்.

வாணலியும் கையும் ஒட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது. சோப்பு போட்டும் போகலை.

சோப்புக்குப் போகாது, தண்ணீருக்கு அசையாத சரக்கு என்று மேலே சொன்னேனே. கையில் வெறும் நல்லெண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடையுங்கள், அப்புறம் சீயக்காய். வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சூடாக்கி, பழந்துணியால் வழித்து, சாம்பல் போட்டுத் தேய்த்தால் முக்கால்வாசி வந்துவிடும். மீதி அடுத்த மார்கழிக்கு இருக்கட்டும். கழுவின தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுக் கொல்லையில் செடி இல்லாத பக்கமாகக் கொட்டிவிடுங்கள்.